இடது கண்ணுக்கு எந்த லென்ஸ்? மோனோஃபோக்கலும் மல்டிஃபோக்கலும் போட்டவர்கள் சொல்லுங்கள்

கொட்டாஞ்சேனை ஒப்புநோக்காளர் எழுதியது:

எனக்கு வயது 62. பத்திரிகையிலும் அச்சகங்களிலும் 34 வருடம் ஒப்புநோக்காளராக இருந்தேன். இப்போதும் வீட்டில் இருந்தபடி புத்தகங்களுக்குப் புரூப் பார்க்கிறேன். இரண்டு கண்ணிலும் கண்புரை. வலது கண்ணுக்கு ஒன்பது கிழமைக்கு முன் கொழும்பு கண் ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் முடிந்தது. போட்டது மோனோஃபோக்கல் லென்ஸ், ஒரே தூரத்துக்கு மட்டும் குவிவது. தூரப் பார்வை அருமை. மொட்டை மாடியில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்களின் கம்பிகள் தனித்தனியாகத் தெரிகின்றன. அவற்றை அப்படிப் பார்த்து எத்தனையோ வருடம். ஆனால் புரூப் தாளைக் கையில் எடுத்தால் எழுத்து கரைந்துவிடுகிறது. கண்ணாடி போட்டால் சரி.

இனி இடது கண். தனியாரில் காட்டியபோது அந்த டொக்டர், விரும்பினால் பல தூரத்துக்குக் குவியும் மல்டிஃபோக்கல் போடலாம், அதிலும் ட்ரைஃபோக்கல் என்றால் தூரம், கொம்பியூட்டர், வாசிப்பு மூன்றும் கிடைக்கும், பெரும்பாலும் கண்ணாடி தேவைப்படாது என்றார். விலை பல மடங்கு. கனடாவில் இருக்கும் மகன் காசு அனுப்புகிறேன் என்கிறான். காசு மட்டும்தான் பிரச்சினை என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியது புள்ளி. 8 பொயின்ட் அடிக்குறிப்பில் தகரத்தின் மேல் புள்ளி இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. சில எழுத்துருக்களில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மயிரிழை. மல்டிஃபோக்கல் போட்டால் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும், இரவில் விளக்கைச் சுற்றி வட்டம் வரும் என்கிறார்கள். லண்டனில் இருக்கும் மைத்துனர் 2007இல் மல்டிஃபோக்கல் போட்டவர். வாசிப்பு நல்லது, கொம்பியூட்டர் மட்டும் மங்கல் என்கிறார்.

ஒரு கண்ணில் ஒன்றும் மறு கண்ணில் மற்றதும் இருந்தால் சரி வருமா? இரண்டு வகையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சொல்லக்கூடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எனக்குச் சர்க்கரை வியாதி 11 வருடமாக இருக்கிறது, கட்டுப்பாட்டில்.

வெள்ளவத்தை தையல் ரீச்சர் எழுதியது:

அண்ணா, நீங்கள் கேட்ட ஒப்பீடு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே இருக்கிறது. எனக்கு இரண்டு கண்ணிலும் ட்ரைஃபோக்கல். என் கணவருக்கு இரண்டு கண்ணிலும் மோனோஃபோக்கல், தூரத்துக்கு வைத்தது. அவர் யாழ்ப்பாணத்துக்கு வான் ஓட்டுகிறவர், ஏ9 வீதியில் பாதி ஓட்டம் இரவில்தான். நான் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் 26 வருடமாகத் தையல் வகுப்பு நடத்துகிறேன்.

முதலில் என் கதை. 2022 பெப்ரவரியில் வலது கண், மூன்று கிழமை கழித்து இடது கண். அடுத்த நாள் பன்டேஜ் எடுத்ததும் சுவரில் இருந்த கலண்டரில் திகதியும் தெரிந்தது, கையில் இருந்த மருந்துப் போத்தலின் எழுத்தும் தெரிந்தது. அழுதுவிட்டேன். அந்த மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் வந்ததே, அப்போது இரண்டாவது தரம் அழுதேன். மெழுகுதிரியைச் சுற்றி மூன்று நான்கு வட்டம், சிலந்திவலை மாதிரி. அந்த வெளிச்சத்தில் பத்திரிகைத் தலைப்பைத் தவிர ஒன்றும் வாசிக்க முடியவில்லை. கண்ணைக் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டு இரவெல்லாம் முழித்துக்கொண்டிருந்தேன். மூளை பழக மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை எடுக்கும் என்று டொக்டர் முன்பே சொல்லித்தான் இருந்தார். சொல்லைக் கேட்பது வேறு, மெழுகுதிரிக்கு முன்னால் தனியாக இருப்பது வேறு. 2023 வெசாக்குக்குக் கங்காராமப் பக்கம் விளக்குக் கூடு பார்க்கப் போனபோது, வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் வட்டங்களை நினைத்தேன். அடுத்த நாள் இரவு வேண்டுமென்றே தெருவிளக்கைப் பார்த்தேன். இருந்தது, மெல்லியதாக. இன்றும் இருக்கிறது. ஆனால் தேடினால்தான் தெரிகிறது.

கணவரின் ஒப்பரேஷன் 2023 கடைசியில், நீங்கள் செய்த அதே கண் ஆஸ்பத்திரியில். அவர் குணமான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் பத்திரிகையின் சிறு விளம்பரப் பக்கத்தை நிமிர்த்தி வைத்து, என் அளவு நாடாவைக் கண் ஓரத்திலிருந்து பிடித்து, இருவரும் கண்ணாடி இல்லாமல் வாசித்தோம். மகள் எழுதி வைத்தாள். அந்தத் தாள் இப்போதும் தையல் பெட்டிக்குள் இருக்கிறது. பகல், ஜன்னல் வெளிச்சம்.

12 அங்குலத்தில் என் கண்ணுக்கு எழுத்து உடைந்தது. 14இல் வாசிக்கலாம், முயற்சி வேண்டும். 16இல் சுத்தம். 20 அங்குலத்தில் கொஞ்சம் மென்மையாகிறது, ஆனாலும் வாசித்தேன். 24இல் மறுபடி சுத்தம். மூன்றரை நாலு அடியில் இன்னொரு சின்னத் தொய்வு, அலுமாரித் தட்டில் நூல்கட்டைகளின் இலக்கம் அங்கேதான் மங்கும். அதற்கு அப்பால் எல்லாம் தெளிவு. கணவருக்கு 12, 16, 24 எதிலும் எழுத்தே இல்லை, கறுப்புக் கோடு மட்டும். நாலு அடி தாண்டியதும் அவர் கண் விழித்தது. காலி வீதியில் வரும் பஸ் 100ஆ 101ஆ என்று பகலில் இருவரும் ஒரே தூரத்தில் சொன்னோம். இரவில் அவர் எனக்கு முன் சொன்னார்.

இதுவரைக்கும் நான் வென்ற மாதிரி இருக்கும். இனித்தான் நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி.

அவர் பிளஸ் 2.50 வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதே 16 அங்குலத்தில் அதே விளம்பரத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் திரையை இழுத்துவிட்டோம். அவர் வாசித்துக்கொண்டே போனார். நான் இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன். வெளிச்சம் குறைந்தால் என் லென்ஸ் கைவிடுகிறது, கண்ணாடியோடு இருக்கும் அவர் லென்ஸ் கைவிடவில்லை. வகுப்பிலும் இது எனக்குத் தெரியும். வெள்ளைத் துணியில் சிவப்பு நூல் என்றால் பிரச்சினையே இல்லை. கறுத்தத் துணியில் கறுத்த நூல் தையலைப் பிரிக்க வேண்டும் என்றால் எல்ஈடி விளக்கை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். கண்புரை வருவதற்கு முன் அப்படி இருக்கவில்லை.

ஆனாலும் மறுபடி கேட்டால் எனக்கு இதே லென்ஸைத்தான் கேட்பேன். ஏனென்றால் என் வேலை ஒரு தூரத்தில் நிற்பதில்லை. மெஷின் ஊசி 17 அங்குலம், மேசையில் துணி வெட்டுவது 24, பக்கத்துப் பிள்ளையின் தையல் மூன்று அடி, சுவரில் படம் பத்து அடி. கண்ணாடியைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றி எனக்கு அலுத்துவிட்டது.

உங்கள் வேலை அப்படியில்லை அண்ணா. ஒரே தாள், ஒரே தூரம், மணிக்கணக்காக. அதுவும் புள்ளி. உங்கள் இடத்தில் நான் இருந்தால் ட்ரைஃபோக்கலுக்குப் போக மாட்டேன். கண்ணாடியோடு கிடைக்கும் கறுப்பை விட மாட்டேன். தாளை எத்தனை அங்குலத்தில் பிடிக்கிறீர்கள் என்று ஒருக்கா அளந்து பாருங்கள். "கண்ணாடி வேண்டுமா, வேண்டாமா" என்று டொக்டரிடம் கதைப்பதைவிட "எனக்கு 14 அங்குலத்தில் இந்த எழுத்துத் தெரிய வேண்டும்" என்று ஒரு புரூப் தாளைக் காட்டிக் கதைப்பது பலன் தரும். நான் ஊசியும் நூலும் கொண்டு போனேன்.

கண்ணளவு எழுதியது:

வணக்கம் ஐயா. நான் கொழும்பில் ஒப்டொமெட்ரிஸ்ட், பார்வையை அளந்து கண்ணாடி எழுதுபவர். ரீச்சர் அன்ரி அளவு நாடாவில் எடுத்ததை நாங்கள் கிளினிக்கில் லென்ஸ் மாற்றி மாற்றி வைத்து ஒரு வளைகோடாக வரைவோம். அவருடைய 16க்கும் 24க்கும் இடையிலான தொய்வு, 12இல் திடீர் விழுகை எல்லாம் ட்ரைஃபோக்கலின் வளைகோட்டில் எதிர்பார்ப்பவைதான்.

காரணம் லென்ஸில் இருக்கிறது. மோனோஃபோக்கல் உள்ளே வரும் வெளிச்சம் முழுவதையும் ஒரே தூரத்துக்குக் குவிக்கும். மல்டிஃபோக்கலின் மேல் மிக நுண்ணிய வளையப் படிகள் வெட்டப்பட்டிருக்கும், அவை வெளிச்சத்தைப் பங்கு போடும். உதாரணமாக பான்ஒப்டிக்ஸ் என்ற ட்ரைஃபோக்கலில், தயாரிப்பாளர் கணக்குப்படி, 3 மில்லிமீற்றர் கண்மணிக்குப் போகும் வெளிச்சத்தில் 88 சதவீதம் பயன்படுகிறது. அதில் பாதி தூரத்துக்கு, கால்பங்கு 60 சென்ரிமீற்றருக்கு, கால்பங்கு 40க்கு. தாளை வாசிக்கும்போது மற்ற இரண்டு பங்கும் குவியாத வெளிச்சமாக விழித்திரையில் விழுந்துகொண்டுதான் இருக்கும். கறுப்பு சாம்பலாவதும், விளக்கைச் சுற்றி வட்டம் வருவதும் அதனால்தான்.

உங்கள் மைத்துனரின் அனுபவத்தை இன்றைய லென்ஸோடு ஒப்பிட வேண்டாம். 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெஸ்டோர் போன்ற அக்கால லென்ஸ்களில் இரண்டே குவியம். வாசிப்புக்காகச் சேர்த்த பலம் 4 டயொப்டர் (லென்ஸின் பலத்தை அளக்கும் அலகு). கண்ணுக்குள் வைக்கும்போது அது சுமார் 12 அங்குல வாசிப்புத் தூரமாகும். நடுத்தூரத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பிறகு 3 டயொப்டராகக் குறைத்தார்கள், வாசிப்பு 16 அங்குலத்துக்குத் தள்ளிப் போனது. நடுத்தூரத்தை நிரப்பத்தான் ட்ரைஃபோக்கல் வந்தது. பான்ஒப்டிக்ஸுக்கு அமெரிக்க அனுமதி 2019இல். 2020இல் அனுமதி பெற்ற விவிட்டி இன்னொரு வகை, குவியத்தை நீட்டுகிறது. வட்டங்கள் மோனோஃபோக்கல் அளவுக்குக் குறைவு, ஆனால் 8 பொயின்ட் எழுத்துக்கு அனேகமாகக் கண்ணாடி வேண்டும்.

மோனோஃபோக்கலையும் மல்டிஃபோக்கலையும் ஒப்பிட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு 2016இல் வந்தது. கண்ணாடி இல்லாத கிட்டப் பார்வை மல்டிஃபோக்கலில் மேல், வட்டங்களும் கூட. கண்ணாடியைக் கைவிட வேண்டும் என்று அந்த நபர் எவ்வளவு விரும்புகிறார் என்பதே முடிவைத் தீர்மானிக்கும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பதிவில் கண்ணாடி மீது கோபம் எனக்குத் தெரியவில்லை ஐயா.

வலது கண்ணில் மோனோஃபோக்கல் இருக்கும்போது இடது கண்ணில் மட்டும் ட்ரைஃபோக்கல் வைக்கலாம், சிலருக்குச் சரி வருகிறது. ஆனால் அந்த லென்ஸின் முழுப் பலன் இரண்டு கண்ணிலும் இருக்கும்போதுதான். உங்களுக்கு வேறொரு வழியும் உண்டு, அதைக் கட்டாயம் கேளுங்கள். இடது கண்ணிலும் மோனோஃபோக்கலே, ஆனால் தூரத்துக்கு அல்லாமல் கொஞ்சம் கிட்டத்துக்கு, மைனஸ் 1.50 டயொப்டருக்குக் குறிவைத்து. அப்போது அந்தக் கண்ணின் குவியம் சுமார் 26 அங்குலத்தில் விழும். கொம்பியூட்டரும் ஃபோனும் கண்ணாடி இல்லாமல் ஓடும். புரூப்புக்குக் கண்ணாடி போடுவீர்கள், அப்போது இரண்டு கண்ணுக்கும் முழு வெளிச்சம் கிடைக்கும். கண்ணாடியை இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் பலத்தில் செய்ய வேண்டும், கடையில் ஆயத்தமாக வாங்கக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன் ஒன்று. 11 வருடச் சர்க்கரை என்று கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள், நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். விழித்திரைக்கு ஓசிடி ஸ்கான், அதாவது அதன் அடுக்குகளை ஒளியால் படம் பிடிக்கும் சோதனை, எடுத்தார்களா? சர்க்கரையால் விழித்திரை நடுவில் சிறு வீக்கம் இருந்தால் அந்தக் கண்ணுக்குக் கொன்ட்ராஸ்ட் (கறுப்பையும் வெள்ளையையும் பிரித்தறிவது) ஏற்கெனவே குறைந்திருக்கும். அதன் மேல் வெளிச்சத்தைப் பங்கு போடும் லென்ஸை வைத்தால் இழப்பு இரட்டிப்பாகும். இன்று விழித்திரை நன்றாக இருந்தாலும் பத்து வருடத்துக்குப் பிறகு எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கண் வறட்சி இருந்தால் லென்ஸின் பலத்தைக் கணக்கிடும் அளவே பிழைக்கும், அதற்குச் சொட்டு மருந்து போட்டுவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அஸ்டிக்மாடிசம், அதாவது கண்ணின் முன்பரப்பு வளைவு ஒரே சீராக இல்லாத குறை, கொஞ்சம் மிஞ்சினாலும் மல்டிஃபோக்கல் அதைப் பொறுக்காது.

இரவோட்டம் எழுதியது:

தெஹிவளையிலிருந்து எழுதுகிறேன். 55 வயது. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வாடகைக் கார் ஓட்டுகிறேன், பெரும்பாலும் விடியப்புறம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் மல்டிஃபோக்கல் போட்டார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, அது முக்கியம் என்று தெரியாது. பகலில் குறையில்லை, பில் புத்தகம் கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன். அதிவேகப் பாதையில் எதிரே வரும் விளக்குகள்தான் சங்கடம். ஒவ்வொன்றும் பூவாக விரிகிறது. முதல் நான்கு மாதம் இரவு ஓட்டத்தையே விட்டேன். எட்டு மாதத்துக்குப் பிறகு ஓரளவு பழகிவிட்டது, மழை இரவில் மட்டும் இன்னும் போக மாட்டேன். இரவில் ஓட்டும் யாரும் இந்த லென்ஸுக்கு முன் இரண்டு தரம் யோசியுங்கள் அண்ணன்மாரே. ரீச்சரின் கணவர் சரியானதைத்தான் போட்டிருக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். லென்ஸுக்குப் பின்னால் சவ்வு மங்கியிருக்கிறது, லேசர் அடித்தால் வட்டமும் குறையலாம் என்று இப்போது சொல்கிறார்கள். அடிக்கலாமா?

கண்ணளவு எழுதியது:

அண்ணா, வட்டம் முதல் நாளிலிருந்தே இருந்ததா, அல்லது நடுவில் நல்லாகி இப்போது மறுபடி கூடியதா? பிந்தியது என்றால் சவ்வுதான் காரணமாக இருக்கலாம், யாக் லேசர் உதவும். முதல் நாளிலிருந்தே என்றால் லேசரால் போகாது. லேசர் அந்தச் சவ்வில் துவாரம் போடுகிறது. அதற்குப் பிறகு லென்ஸை எடுத்து மாற்றுவது மிகக் கடினமாகிவிடும். ஆகவே லென்ஸை மாற்றும் எண்ணம் மனதின் ஒரு மூலையில் இருந்தாலும் அதை முதலில் டொக்டரிடம் சொல்லுங்கள், லேசர் பிறகு.

கொட்டாஞ்சேனை ஒப்புநோக்காளர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சி சொன்னபடி பேத்தியின் அடிமட்டத்தை வைத்து அளந்தேன். புரூப் தாள் 14 அங்குலம். ஆறு மணிக்குப் பிறகு என்னை அறியாமல் 12க்கு வருகிறது. நீங்கள் எழுத்து உடைந்தது என்று எழுதிய அதே 12. கொம்பியூட்டர் 25 அங்குலம். கார் ஓட்டுவதில்லை.

மேசை விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடியோடு வலது கண்ணால் மட்டும் ஒரு பக்கம் பார்த்தேன். மூன்று பிழை கண்டேன், அதில் ஒன்று விழுந்த புள்ளி. விளக்கைப் போட்டு மறுபடி பார்த்தேன். அதே மூன்றுதான். ஒன்றும் தப்பியிருக்கவில்லை. இந்தக் கறுப்பை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. மகனிடமும் சொல்லிவிட்டேன், அவனுக்குக் கொஞ்சம் மனவருத்தம். அப்பாவுக்கு நல்லதைச் செய்ய ஆசைப்பட்டான்.

தம்பி அல்லது மகள், கண்ணளவு யார் என்று தெரியவில்லை, ஓசிடி எடுக்கவில்லை. கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். வியாழக்கிழமை கிளினிக். முதலில் ஸ்கான் கேட்கிறேன், பிறகு அந்த மைனஸ் 1.50 பற்றி. என் கொம்பியூட்டர் 25இல் இருக்கிறது, நீங்கள் சொன்ன குவியம் 26. ஓர் அங்குலத்தால் குறை வருமா?

கண்ணளவு எழுதியது:

வராது ஐயா. மோனோஃபோக்கலுக்கும் குவியத்தின் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் உண்டு. அதோடு ஒப்பரேஷனில் குறிவைத்த பலமும் கிடைக்கும் பலமும் கால் டயொப்டர் அங்கே இங்கே போவது சாதாரணம். அந்தக் கால் டயொப்டரையும் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் போனால் உங்களுக்குப் பரவாயில்லை என்று அவர் விசாரிப்பார். கிட்டப் பக்கம் என்று சொல்லுங்கள்.

வெள்ளவத்தை தையல் ரீச்சர் எழுதியது:

அண்ணா, வியாழக்கிழமை புரூப் தாளை மறக்காமல் கொண்டு போங்கள். நல்ல கடதாசியில் அடித்ததை எடுக்க வேண்டாம், மங்கலாக விழுந்த பிரதியாகப் பார்த்து எடுங்கள். கண்ணுக்குள் பார்க்கக் கண்மணி விரியும் மருந்து விடுவார்கள், திரும்பி வரும்போது வெயில் கூசும், பஸ்ஸில் ஏறாமல் ஓட்டோவில் வாருங்கள், யாராவது கூட இருக்கட்டும். ஸ்கானில் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.